முடக்குவாதம், காலில் ஆறாத புண்: சுரண்டச் சுரண்டப் பெரிதாகிறது

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

அம்மாவுக்கு வயது 61. முடக்குவாதம் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். மூட்டுகள் ஓரளவு அடங்கித்தான் இருந்தன. ஐந்து வாரங்களுக்கு முன் இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல். தோல்கூடக் கிழியவில்லை. மறுநாள் அதே இடத்தில் வேர்க்குருவைவிடச் சற்றுப் பெரிய சீழ்க்கொப்புளம் ஒன்று. மூன்றாம் நாள் அது உடைந்து புண்ணாகிவிட்டது.

முதலில் போன மருத்துவமனையில் தொற்று என்றார்கள். இரண்டு வகை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். பஞ்சால் ஒற்றி எடுத்துப் பரிசோதித்ததில் கிருமி எதுவும் வளரவில்லை. ஆனாலும் கெட்ட சதையை எடுத்தால்தான் நல்ல சதை வளரும் என்று மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டி எடுத்தார்கள். உள்ளே போகும்போது கட்டைவிரல் நகமளவு இருந்த புண், நான்கே நாளில் உள்ளங்கையளவு ஆகிவிட்டது. வரும் வியாழக்கிழமை மறுபடியும் சுரண்ட வேண்டும் என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று வலி. கட்டைப் பிரித்துக் காற்றுப் பட்டாலே துடிக்கிறார். மூட்டு வலியைப் பதினைந்து ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியவர், இதற்கு வாய்விட்டு அழுகிறார். இன்னொன்று விளிம்பு. புண்ணைச் சுற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம். கட்டுப் போடுபவர் அந்த விளிம்புக்கு அடியில் பஞ்சுக் குச்சியை விட்டபோது நுனி உள்ளே மறைந்துவிட்டது. மேலே தோல் இருக்கிறது, அடியில் குடைந்துபோயிருக்கிறது.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, தொற்று இருக்கும்போது கூடாது என்று மெத்தோட்ரெக்ஸேட்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். விரல்கள் மறுபடி வீங்கத் தொடங்கிவிட்டன. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முள்வேலி

சகோதரி, வியாழக்கிழமைக்கு முன் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். முடிந்தால் நாளையே. வேறு எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த வரியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கும் முடக்குவாதம்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் கெண்டைக்காலில் இதே கதை: கொப்புளம், கத்தரிப்பூ வளையம், ஊசி குத்துவது போன்ற வலி. என்னையும் ஒருமுறை சுரண்டினார்கள். அதன் பெயர் பயோடெர்மா கேங்க்ரினோசம். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அப்படி இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஒருவர் தீர்க்கும் வரை அந்தப் புண்ணில் கத்தி படக்கூடாது.

எளியவன்

பயமுறுத்தாதீர்கள். புண் என்றால் அடி வரைக்கும் சுத்தம் செய்யத்தான் வேண்டும். என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயில் கால் புண். வாரத்துக்கு இரண்டு முறை கறுத்த சதையை வெட்டி எடுத்தார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்க நுரைக்கக் கழுவினார்கள். அதனால்தான் அவர் இன்று இரண்டு காலில் நடக்கிறார். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய சீருடை

ஆறாத புண்களுக்கான பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எளியவன் தம்பி சொல்வது அவருடைய அண்ணனுக்கு முற்றிலும் சரி. சர்க்கரை நோய்ப் புண்ணில் செத்த சதையை எடுக்காமல் விட்டால் கால் போகும். (பெராக்சைடு மட்டும் எனக்குப் பிடிக்காது, புதிதாக வரும் சதையையும் அது சேர்த்தே எரிக்கும். அது வேறு சண்டை.) ஆனால் தாழம்பூ எழுதியிருப்பது அந்த வகைப் புண்ணாகத் தெரியவில்லை. தோல் கிழியாமலே ஓர் இடி, இடித்த இடத்தில் கொப்புளம், சில நாளில் புண், அளவுக்கு மீறிய வலி, அடியில் குடைந்த கத்தரிப்பூ விளிம்பு, சுரண்டியதும் பல மடங்கு பெருத்தது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் எங்கள் பிரிவில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைக் கூப்பிடுவோம்.

இந்த நோயின் பெயரே பொய். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தபோது, கிருமியால் சீழ் பிடித்துச் சதை அழுகுகிறது என்று நினைத்தார்கள். அந்தப் பெயரின் பொருளும் ஏறக்குறைய அதுதான். உண்மையில் இதற்குக் கிருமியும் காரணமில்லை, இது அழுகலும் இல்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எதிரியே இல்லாத இடத்துக்குப் படையெடுத்துப் போய்ச் சொந்தத் தோலையே தின்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாந்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. பேத்தர்ஜி என்பார்கள். தோலில் எங்கே காயம் பட்டாலும், ஊசி குத்தினாலும், பிளாஸ்டரை வெடுக்கென்று பிய்த்தாலும் அங்கே புதிதாக ஒரு புண் கிளம்பலாம், அல்லது இருக்கும் புண் பெருக்கலாம். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை, ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது போல்தான் இருக்கிறது. சுரண்டுவதும் ஒரு காயம்தானே. சுத்தம் செய்கிறோம் என்று நாமே அதற்குத் தீனி போடுகிறோம்.

ஒன்று கேட்கிறேன் தங்கை: ரத்தம் எடுத்த இடத்தில், ஊசி போட்ட இடத்தில் எங்காவது சிவந்து புடைத்திருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாழம்பூ

அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சலைன் ஏற்றிய இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, சிறிய சிவப்புத் தடிப்பு. நடுவில் சீழ்ப் புள்ளி. ஊசி இடம் வீங்கியிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டோம். கை நடுங்குகிறது.

நாளைக் காலை தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

பழைய சீருடை

நடுங்க வேண்டாம். அந்தப் புள்ளியைப் பிதுக்காமல், தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்து புண்ணை எடுத்த படங்கள் இருந்தால் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள், சுரண்டுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் புண்ணும் ஒருநாள் படத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்காது. அது வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் தெரியும்.

வெள்ளைப்பலகை

எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறீர்கள், அதனால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். என் அக்காவுக்கு முடக்குவாதம். காலில் புண் வந்தது. ஒரு மருத்துவர் பார்த்த பார்வையிலேயே பயோடெர்மா என்றார். பேத்தர்ஜி வந்துவிடும் என்று பயாப்ஸி (சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) வேண்டாம் என்றார். மூன்று மாதம் ஸ்டீராய்டு. புண் ஆறுவதற்குப் பதில் பக்கத்தில் இரண்டு முளைத்தன. கடைசியில் வேறொருவர் விளிம்பிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது அது ஆழமான பூஞ்சைத் தொற்று. எதிர்ப்புச் சக்தியை மூன்று மாதம் அடக்கி வைத்துப் பூஞ்சைக்கு விருந்து வைத்திருக்கிறோம்.

2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், இப்படிப் பயோடெர்மா என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 95 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், தொற்று என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். முடக்குவாதக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். முடக்குவாதமே நாள்பட்டால் ரத்தக்குழாய்களை அழற்சி கொள்ளச் செய்து புண் உண்டாக்கும். ஃபெல்டி நோய்க்குறி என்று வெள்ளையணு குறைந்து, மண்ணீரல் வீங்கி, காலில் புண் வருவதும் உண்டு. நடமாட்டம் குறைந்து, சிரைகளில் ரத்தம் தேங்கிக் கால் வீங்கி, நாளப் புண் வருவதும் உண்டு. எனவே சதைப் பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு வாங்காதீர்கள். நகக்கண்ணில் கறுப்புப் புள்ளிகள், பாதத்தில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குதல் ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவை ரத்தக்குழாய் அழற்சியின் பக்கம் கை காட்டும்.

முள்வேலி

அப்படியானால் பேத்தர்ஜி இருப்பவரிடம் வெட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா? ஒரு சுரண்டலுக்கே அந்த அம்மா படும் பாடு போதாதா?

பழைய சீருடை

வெள்ளைப்பலகை சொல்வதுதான் சரி. முள்வேலியின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. புண் முழுவதையும் சுரண்டுவது வேறு, விளிம்பில் சிறு துண்டு எடுப்பது வேறு. அந்தச் சிறு காயத்தால் வரக்கூடிய கெடுதலைவிட, தவறான நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவதன் கெடுதல் பெரிது. எடுத்த துண்டில் பாதி நுண்ணோக்கிக்குப் போக வேண்டும், மீதி பாக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் குடும்பக் கிருமிகள் ஆகியவற்றை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் போக வேண்டும். அந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள், நீங்களே கேட்டு வாங்குங்கள். பஞ்சால் ஒற்றி எடுப்பது மேலே உட்கார்ந்திருப்பதை மட்டும்தான் சொல்லும்.

முன்பெல்லாம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மிஞ்சுவதுதான் பயோடெர்மா என்பார்கள். 2018-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து அளவுகோல் ஒன்று வகுத்தார்கள். விளிம்புச் சதையில் நியூட்ரோஃபில்கள் அடர்ந்திருப்பது முதன்மையான அடையாளம். அதோடு எட்டுத் துணை அடையாளங்களில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். தொற்று இல்லை என்று உறுதியாவது அவற்றில் ஒன்று. பேத்தர்ஜி ஒன்று. குடல் அழற்சி நோயோ அழற்சி மூட்டுவாதமோ இருப்பது ஒன்று. கொப்புளம் தோன்றி நான்கு நாளுக்குள் புண்ணாவது இன்னொன்று. தங்கை எழுதிய முதல் பதிவிலேயே சில அடையாளங்கள் கிடக்கின்றன.

எளியவன்

சரி, நான் ஒதுங்கிக்கொள்கிறேன். எல்லாப் புண்ணும் ஒரே சாதி என்று நினைத்துவிட்டேன். அந்த அம்மா நலம் பெறட்டும்.

தாழம்பூ (ஒன்பது நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். தோல் மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தடிப்பைத்தான் அதிக நேரம் பார்த்தார். வியாழக்கிழமை அறுவையை ரத்து செய்யச் சொல்லி அவரே தொலைபேசியில் பேசினார். விளிம்பிலிருந்து சதை எடுத்தார்கள். நியூட்ரோஃபில்கள் அடர்த்தியாக இருக்கின்றன, ரத்தக்குழாய் அழற்சி இல்லை, இதுவரை கிருமி வளரவில்லை, காசநோய்க் கிருமிக்கான சோதனை முடிய இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். மார்பு எக்ஸ்ரேயும் கல்லீரல் அழற்சி வைரஸ் சோதனைகளும் சரியாக இருந்தன. குடலில் கோளாறு உண்டா, ரத்தத்தில் அசாதாரணப் புரதம் உண்டா என்றும் பார்த்தார்கள், இல்லை.

பயோடெர்மா கேங்க்ரினோசம்தான் என்று சொல்லி, கிலோவுக்கு 0.75 மி.கி. கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கினார்கள். அம்மா 54 கிலோ, அதனால் தினம் காலையில் 40 மி.கி. மூட்டு மருத்துவரும் கூடவே பார்க்கிறார், மெத்தோட்ரெக்ஸேட்டை மறுபடி தொடங்கிவிட்டார். விளிம்பில் தடவக் குளோபெட்டசால் களிம்பு.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலையில் அம்மா, கட்டை மாற்றும்போது வழக்கமாகப் பிடிக்கும் என் கையைப் பிடிக்கவில்லை. புண்ணின் அளவு அப்படியேதான் இருக்கிறது. வலி மட்டும் இறங்கிவிட்டது.

பயமும் இருக்கிறது. இவ்வளவு பெரிய திறந்த புண்ணை வைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறோமே என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். சைக்ளோஸ்போரின் என்று ஒரு மாற்று உண்டு என்றார்கள். எது நல்லது?

மருந்துச்சீட்டு

மருந்தாளுநனாக இருக்கிறேன், இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனில் நடந்தது, ஸ்டாப் கேப் என்று பெயர், 2015-ல் வெளிவந்தது. இவ்வளவு அரிய நோய்க்கு 121 பேரைத் திரட்டியதே பெரிய காரியம். பாதிப் பேருக்குப் பிரெட்னிசோலோன், உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த அதே 0.75 கணக்கில். மீதிப் பேருக்குச் சைக்ளோஸ்போரின், கிலோவுக்கு 4 மி.கி. ஆறு மாத முடிவில் இரண்டு பக்கமும் புண் ஆறியவர்கள் 47 விழுக்காடு. ஒன்றுக்கொன்று இம்மியும் சோடையில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். இரண்டு மருந்தும் சமம், பக்கவிளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒன்று. பாதிப் பேருக்குமேல் ஆறு மாதத்தில் ஆறவில்லை என்பது இன்னொன்று. அதனால்தான் பொறுமை வேண்டும் என்கிறேன். ஆறியவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோருக்குத் திரும்ப வந்தது.

தேர்வு எப்படி நடக்கும் என்றால்: சர்க்கரை, எலும்பு மெலிவு, மனச்சோர்வு இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு சங்கடம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குச் சைக்ளோஸ்போரின் சங்கடம். அந்த ஆய்வில் கடுமையான தொற்றுகள் பிரெட்னிசோலோன் பக்கத்தில்தான் அதிகம் வந்தன. எனவே உங்கள் பயம் வீண் பயமல்ல. காய்ச்சல், புண்ணில் துர்நாற்றம், பச்சை நிறக் கசிவு, சுற்றிலும் புதிதாகச் சூடு என்றால் அன்றே சொல்லுங்கள். ஆனால் அந்தப் புண் திறந்திருப்பதற்குக் காரணமே அடங்காத வெள்ளையணுக்கள்தான். அவற்றை அடக்காமல் புண் மூடாது.

இரண்டு எச்சரிக்கைகள், முடக்குவாதக்காரர்களுக்கென்றே. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, எலும்பு மஜ்ஜை செயலிழக்கலாம். புண்ணுக்கென்று யாராவது எழுதிக் கொடுத்தால், எந்த மருத்துவராக இருந்தாலும், வாய் திறந்து கேளுங்கள். அடுத்து, என்றாவது சைக்ளோஸ்போரினுக்கு மாறினால் மூட்டு வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தானாகப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்தை அடிக்கும்.

தாழம்பூ

முதல் சுற்றில் கொடுத்த ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, நீங்கள் சொன்னது இல்லை. இவ்வளவு நாளில் ஒருவர்கூட இதை எங்களிடம் சொன்னதில்லை.

வீட்டில் கட்டுப் போடுவது பற்றி யாராவது சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட கட்டைப் பிரிக்கும்போதுதான் உயிர் போகிறது.

பழைய சீருடை

இது என் களம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கட்டு ஒட்டக் கூடாது. ஒட்டினால் பிய்ப்போம், பிய்த்தால் அது காயம், காயம் என்றால் பேத்தர்ஜி. அதனால் புண்ணின் மேல் சாதாரண வலைத்துணியை நேரடியாக வைக்காதீர்கள். சிலிக்கோன் பூச்சுள்ள, ஒட்டாத படலம் கிடைக்கும், அதை வையுங்கள். அதற்குமேல் கசிவை உறிஞ்சும் நுரைப் பட்டை. அதற்குமேல் சுற்றுத்துணி. பிளாஸ்டரைத் தோலில் ஒட்டவே ஒட்டாதீர்கள், துணியோடு துணியை ஒட்டுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் முடக்குவாதக்காரரின் தோல் ஈரத்தாள் போல, பிளாஸ்டரோடு வந்துவிடும்.

எப்படியும் ஒட்டிக்கொண்டது என்றால் அறையின் வெப்பத்துக்கு வந்த சலைனை மேலே ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசுங்கள். தானாக விடும். ஓர் ஓரம் விடாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். இழுக்கும் கையை நம்பாதீர்கள், ஊறும் தண்ணீரை நம்புங்கள். கழுவுவதும் அப்படித்தான், வழியவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. மருத்துவர் தந்த வலி மாத்திரையைக் கட்டு மாற்ற முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பிரித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

மஞ்சளாகப் பிசுபிசுப்பு படிந்திருக்கும். அதைப் பார்த்தால் கை ஊறும், வழித்து எடுக்கத் தோன்றும். விடுங்கள். அழற்சி அடங்கிய பிறகு ஈரக்கட்டுக்குள்ளேயே அது கரைந்து வரும்.

கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்துங்கள். இறுக்கக் கட்டு சிலருக்கு நன்றாக உதவும், ஆனால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து, தமனி ஓட்டம் சரி என்று தெரிந்த பிறகுதான். அதைச் செவிலியர் கட்டட்டும்.

வாரம் ஒருநாள் அளவெடுங்கள், தினமும் வேண்டாம், தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ஒளி ஊடுருவும் தாள் இரண்டை அடுக்கிப் புண்ணுக்கு மேலே பிடித்து, மேல்தாளில் விளிம்பை வரையுங்கள். கீழ்த்தாளை எறிந்துவிடுங்கள். மேல்தாளில் தேதியையும், முழங்கால் பக்கம் எது என்பதையும் குறியுங்கள். அதைக் கட்டம் போட்ட தாளின்மேல் வைத்து எண்ணினால் சதுர சென்டிமீட்டர் வந்துவிடும். ஆறுகிறதா இல்லையா என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்துச் சொல்லிச் சண்டை போடுவது நிற்கும்.

தாழம்பூ (ஏழு வாரம் கழித்து)

சமையலறைக் கதவின் பின்பக்கம் ஏழு தாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் தாள் 46 சதுர சென்டிமீட்டர், நேற்றையது 29. நடுவில் மூன்றாவது தாள் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தது, அன்று முழுக்க யாரும் யாருடனும் பேசவில்லை. பிறகு அக்கா சொன்னதைப் போல மஞ்சள் படிவு தானாக விட்டதும்தான் புரிந்தது, அடியில் இருந்த புண் வெளியே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். விளிம்பின் கத்தரிப்பூ நிறம் முதலில் போனது. குடைவு மூடிவிட்டது. இப்போது ஓரத்திலிருந்து விரல் விரலாக வெளிர்த் தோல் உள்நோக்கி வருகிறது.

இனிப் பிரச்சினை. சர்க்கரை ஏறிவிட்டது. ரத்த அழுத்தமும் முன்பிருந்தே கொஞ்சம் அதிகம். பிரெட்னிசோலோனை 20-க்குக் குறைத்ததும் வலி மறுபடி எட்டிப் பார்த்தது, 25-க்கு ஏற்றினார்கள். டிஎன்எஃப் என்ற, அழற்சியைத் தூண்டும் புரதத்தை அடக்கும் ஊசி போடலாம் என்கிறார்கள், மூட்டுக்கும் அதே ஊசிதானாம். அம்மாவுக்கு ஊசி என்றாலே இப்போது நடுக்கம்.

முள்வேலி

நான் அதில்தான் தப்பித்தேன். எனக்கு அந்த வகையில் இன்ஃப்ளிக்ஸிமாப், சிரை வழியாக. ஸ்டீராய்டைக் கீழே இறக்கும் போதெல்லாம் புண் மேலே ஏறும், ஏணியும் பாம்பும் போல. ஊசி தொடங்கிய பிறகுதான் இறங்க முடிந்தது. விரல்களும் கூடவே நீண்டன, பத்து ஆண்டுக்குப் பிறகு சட்டைப் பொத்தானை நானே போட்டேன்.

மருந்துச்சீட்டு

இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு 2006-ல் வெளியான ஆய்வு உண்டு. சிறியது, 30 பேர்தான், ஆனால் மருந்தே இல்லாத போலி ஊசியோடு ஒப்பிட்டது. இரண்டு வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், போலி ஊசியில் 6. அதே வகையைச் சேர்ந்த அடாலிமுமாபைத் தோலடி ஊசியாகப் போடலாம், ஜப்பானில் 2020-ல் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள். முடக்குவாதத்துக்கு இரண்டும் ஏற்கெனவே பழகிய மருந்துகள். மூட்டும் தோலும் ஒரே வீட்டில் எரியும்போது ஒரே தண்ணீரை ஊற்றுவது நியாயம்தான்.

தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயையும், ஹெபடைடிஸ் பி-யையும் சோதித்தே ஆக வேண்டும். மார்பு எக்ஸ்ரே எடுத்ததாக எழுதியிருந்தீர்கள், ரத்தத்தில் செய்யும் காசநோய்ச் சோதனையும் வேண்டும். ஸ்டீராய்டு அதிகம் இருக்கும்போது அந்தச் சோதனையின் விடை மங்கலாக வரலாம், அதை மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஸ்டீராய்டை நீங்களாக ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு வாரம் சாப்பிட்ட பிறகு உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும்.

வெள்ளைப்பலகை

காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்ததா? அது வராமல் ஊசி போட விடாதீர்கள். எனக்கு இது ஒரே பாட்டாகிவிட்டது, தெரியும்.

தாழம்பூ

வந்துவிட்டது, வளரவில்லை. உங்கள் பாட்டை நான் அங்கே போய் வார்த்தை மாறாமல் பாடினேன். மருத்துவர் சிரித்தார், பிறகு அறிக்கையைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

தாழம்பூ (ஐந்தாம் மாதம்)

அடாலிமுமாப் தொடங்கிப் பதினோரு வாரம். முதல் ஊசி போட்ட இடத்தை மூன்று நாள் டார்ச் அடித்துப் பார்த்தோம், எதுவும் கிளம்பவில்லை. பிரெட்னிசோலோன் 7.5-க்கு வந்திருக்கிறது. புண் இருந்த இடத்தில் ஓர் ஓரமாகக் கட்டைவிரல் நகமளவு மட்டும் பாக்கி. அன்று சுரண்டுவதற்கு முன்பு இருந்த அதே அளவு. ஆறிய இடம் சல்லடை போல, சிறு சிறு குழிகளும் மேடுமாக இருக்கிறது. தோலை ஒட்டவைத்து அழகாக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், நான் பதில் சொல்லுமுன் அம்மாவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். கண்புரையும் வரிசையில் இருக்கிறது. எப்படிக் கையாள்வது?

பழைய சீருடை

இரண்டையும் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேளுங்கள், புண் முழுக்க மூடி, மருந்து நிலையாகும் வரை. பல் காத்திருக்காது என்றால், தோல் மருத்துவரும் பல் மருத்துவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் ஸ்டீராய்டு அளவை என்ன செய்வது, ஊசியை எந்த வாரம் தள்ளுவது என்பது அவர்கள் முடிவு.

ஓர் அட்டையில் எழுதிப் பைக்குள் வைத்துவிடுங்கள்: நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், தோல் மருத்துவரின் எண், கூடவே "தோலில் புதிய புண் வந்தால் வெட்டவோ சுரண்டவோ வேண்டாம், முதலில் இந்த எண்ணில் பேசுங்கள்" என்று பெரிய எழுத்தில். மயக்கத்தில் கிடப்பவரால் பேத்தர்ஜி பற்றி விளக்க முடியாது.

தாழம்பூ

அட்டை எழுதியாகிவிட்டது. அம்மா தன் கையாலேயே எழுதினார், விரல் கொஞ்சம் கோணல்தான், ஆனால் படிக்க முடிகிறது.

முள்வேலிக்கு அம்மா ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: அந்தத் தழும்பு இரவில் அரிக்குமா?

முள்வேலி

அரிக்கும். எட்டு ஆண்டுக்குப் பிறகும் மழைக்காலத்தில் அரிக்கிறது. நகம் படக் கூடாது என்று சொல்லுங்கள். கட்டுக்கு மேலே உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம், நான் அப்படித்தான் தூங்குகிறேன்.